கிரேட் வெப்பன் மாஸ்டரா, ஸ்ட்ரெங்த் 18-ஆ? பதில் உங்கள் கிளெரிக்கிடம் இருக்கிறது

கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். இரண்டு கை வாள் பிடிக்கும் ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), கிளெரிக் (தெய்வ சக்தியால் ஸ்பெல், அதாவது மந்திரம், போடுபவர்), விசார்ட் (மந்திரவாதி) என நான்கு பேர். எல்லாரும் 4-ஆம் லெவலுக்கு வந்துவிட்டீர்கள். ஃபைட்டர் நீங்கள், ஸ்ட்ரெங்த் 16. கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டை (ஃபீட் என்பது ஒரு சிறப்புத் திறமை) எடுப்பதா, ஸ்ட்ரெங்த்தை (உடல் வலுவை) 18 ஆக்குவதா? கூடவே, "ஃபீட்டெல்லாம் சும்மா, டாக்டிக்ஸ்தான் ஜெயிக்க வைக்கும்" என்று குழுவில் ஒருவர் சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு இரண்டாவதைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. அந்த ஃபீட்டுக்குத் தனியாக ஒரு மதிப்பு இல்லை. மற்ற மூவரும் உங்களுக்காக என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஸ்ட்ரெங்த்தைவிட மோசமாகவும் இருக்கலாம், எட்ட முடியாத தூரத்துக்கு முந்தவும் செய்யலாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது, அதாவது வெறும் கணக்கு. இந்த ஃபீட் இரண்டு விஷயம் தருகிறது. கனமான கைகலப்பு ஆயுதத்தால் அடிக்கும் முன்பு அட்டாக் ரோலில் (அடி படுமா என்று பார்க்க உருட்டும் 20 முகப் பகடையில்) 5 குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், அடி படும்போது டேமேஜில் 10 கூடும். அடுத்தது, உங்கள் டர்னில் கைகலப்பு ஆயுதத்தால் கிரிட் (பகடையில் 20; டேமேஜ் பகடை இரட்டிக்கும்) விழுந்தாலோ எதிரியை 0 ஹிட் பாயின்டுக்குக் (உயிர்ப் புள்ளிக்கு) கொண்டுவந்தாலோ போனஸ் ஆக்ஷனில் (டர்னில் கிடைக்கும் கூடுதல் செயலில்) இன்னொரு அடி. 5-ஆம் லெவலை வைத்துக் கணக்குப் போடுகிறேன்; இந்தத் தேர்வோடு அதிக நேரம் ஆடப்போவது அங்கேதான். புரொஃபிஷியன்சி (லெவலோடு ஏறும் பயிற்சி எண்) +3. ஸ்ட்ரெங்த் 16 என்றால் அட்டாக் +6, கிரேட்ஸ்வார்டின் சராசரி டேமேஜ் 10. ஸ்ட்ரெங்த் 18 என்றால் +7, சராசரி 11. எதிரியின் ஏசி (அடி பட அட்டாக் ரோல் எட்ட வேண்டிய எண்) 15 என்று கொள்வோம். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் மான்ஸ்டர் உருவாக்கும் அட்டவணை சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடினம்) 5 முதல் 7 வரை கொடுக்கும் எண் அது.

யாருடைய உதவியும் இல்லாத நிலையில் ஸ்ட்ரெங்த் 18-க்கு அடி படும் வாய்ப்பு 65 சதவீதம். ஒரு அடிக்குச் சராசரி 7.15. ஃபீட் எடுத்து ஸ்ட்ரெங்த் 16-இல் நின்று −5 போட்டு அடித்தால் வாய்ப்பு 35 சதவீதம், சராசரி 20-இல் 35 சதவீதமான 7.0. ஆக, தனியாக நின்றால் ஃபீட் ஒரு முடி அளவு பின்தங்குகிறது. இப்போது கிளெரிக் பிளெஸ் என்ற ஸ்பெல்லைப் போடட்டும். ஒவ்வொரு அட்டாக்கிலும் 4 முகப் பகடை ஒன்று கூடுகிறது, சராசரி 2.5. ஸ்ட்ரெங்த் 18 பக்கம் 8.5 ஆகிறது, ஃபீட் பக்கம் 9.5. பிளெஸ் இல்லாமல் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) மட்டும் கிடைத்தால் 9.65-க்கு எதிராக 11.55. பிளெஸும் அட்வான்டேஜும் சேர்ந்து கிடைத்தால் 10.4-க்கு எதிராக 14.4. ஆள் அதே, வாள் அதே. ஒரு அடிக்கு 4 டேமேஜ் வித்தியாசம், இரண்டு அடிக்கு 8. இந்த 8 உங்கள் கேரக்டர் ஷீட்டில் எங்கும் எழுதியிருக்காது. கிளெரிக் ஷீட்டிலும் விசார்ட் ஷீட்டிலும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் கிரிட்டின் கூடுதல் பகடையைச் சேர்க்கவில்லை, காரணம் அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு. கிரேட் வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைல் (1, 2 விழுந்த டேமேஜ் பகடையை மறுபடி உருட்டும் திறன்) வைத்திருந்தால் இரண்டு 6 முகப் பகடையின் சராசரி 7-இலிருந்து சுமார் 8.3 ஆகும், அது அதிகம் அடி படுகிற பக்கத்துக்கு, அதாவது ஸ்ட்ரெங்த் பக்கத்துக்கு, கொஞ்சம் கூடுதலாக உதவும். மறுபக்கம், போனஸ் அடியையும் நான் சேர்க்கவில்லை. 5-ஆம் லெவலில் இரண்டு அடி அடிக்கும்போது ஒன்றாவது கிரிட் ஆகும் வாய்ப்பு 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டுக்கும் அட்வான்டேஜ் இருந்தால் சுமார் 18.5. இவை ஒன்றையொன்று ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். 4-ஆம் லெவலில் சேலஞ்ச் ரேட்டிங் 4 எதிரியின் ஏசி 14 என்று எடுத்தாலும் இதே சதவீதங்கள்தான் வரும். உங்கள் புரொஃபிஷியன்சி ஒன்று குறைவு, எதிரி ஏசியும் ஒன்று குறைவு.

ஃபீட் எடுத்தபிறகு எப்போது −5 போடுவது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. அட்வான்டேஜ் இல்லாதபோது, உங்கள் அட்டாக் எண்ணோடு 16-ஐக் கூட்டி, சராசரி டேமேஜில் பாதியைக் கழியுங்கள். எதிரியின் ஏசி அதைவிடக் குறைவாக இருந்தால் −5 போடுவது லாபம். +6, சராசரி 10 என்றால் 6 கூட்டல் 16 கழித்தல் 5, அதாவது 17. ஏசி 16 வரை போடலாம், 17-இல் இரண்டும் சமம், 18-இல் நஷ்டம். பிளெஸ் இருந்தால் எல்லை இரண்டரை மேலே போகும். அட்வான்டேஜ் இருந்தாலும் மேலே போகும், ஆனால் அதற்கு இவ்வளவு எளிய சூத்திரம் கிடையாது. ஆஃகர் என்ற அரக்கனுக்கு ஏசி 11: கண்ணை மூடிக்கொண்டு போடலாம், ஒரு அடிக்கு 11 வரும், ஸ்ட்ரெங்த் 18-க்கு அங்கே 9.35-தான். செயின் மெயிலும் கேடயமுமாக வரும் ஹாப்காப்ளின் ஏசி 18: அங்கே −5 போட்டால் 4.0, போடாமல் அடித்தால் 4.5, ஸ்ட்ரெங்த் 18 ஆளுக்கு 5.5. இந்த மாதிரி எதிரிகளையே அடுக்கும் கதையில் ஃபீட் பாவம்.

சராசரி மறைக்கும் இன்னொன்று, வீணாகும் டேமேஜ். காப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட். −5 போடாத உங்கள் அடி பட்டாலே பன்னிரண்டில் பதினொரு முறை அது செத்துவிடும். அங்கே 10 கூட்டுவதால் எதுவும் கிடைக்காது, அடி தவறுவதுதான் மிச்சம். காப்ளின் கூட்டத்தில் −5-ஐ மறந்துவிட்டு, ஒன்று விழுந்ததும் கிடைக்கும் போனஸ் அடியை அடுத்ததன் மேல் பயன்படுத்துங்கள். ஆஃகருக்கு 59 ஹிட் பாயின்ட். சராசரி 10 ஆனாலும் 11 ஆனாலும் ஆறு அடி பட வேண்டும். ஸ்ட்ரெங்த் கூட்டியது அங்கே கண்ணுக்கே தெரியாது. 20 என்றால் மூன்று அடி. எதிரியை வீழ்த்த எத்தனை அடி பட வேண்டும் என்று எண்ணுவது, ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு டேமேஜ் என்று எண்ணுவதைவிட நல்ல பழக்கம்.

உதவி எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். அட்வான்டேஜ் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. மூன்று இடத்திலிருந்து கிடைத்தாலும் இரண்டு பகடைதான் உருட்டுவீர்கள். ஒரே ஒரு டிஸ்அட்வான்டேஜ் (சிறிய பகடையை எடுப்பது) வந்தால் மூன்றும் சேர்ந்து ரத்து. பிளெஸ் போன்ற கூட்டல் எண்களோ எல்லாவற்றோடும் சேரும். அதனால் ஒரு எதிரிக்கு ஒரு அட்வான்டேஜ் போதும். அதற்கு மேல் கைவசம் இருப்பதைக் கூட்டல் எண்ணிலோ வேறு எதிரியைக் கட்டிப்போடுவதிலோ செலவழிக்க வேண்டும். பல குழுக்களில் வீணாவது இங்கேதான்: விசார்ட் வெப் (சிலந்தி வலை ஸ்பெல்) போட்டு எதிரியை ரெஸ்ட்ரெய்ன்ட் ஆக்கி (கட்டிப்போட்டு) அட்வான்டேஜ் கிடைக்கச் செய்திருப்பார், அதே எதிரி மேல் தன் ஆந்தையையும் ஹெல்ப் செய்ய (அட்வான்டேஜ் தர) அனுப்புவார். ஃபிளாங்கிங் விதியை உங்கள் டிஎம் ஏற்கிறாரா என்பதையும் முன்பே கேளுங்கள். 2014 டிஎம் கையேட்டில் அது விருப்ப விதி. அது இருந்தால் எதிரியின் இரு பக்கமும் நின்றாலே இருவருக்கும் அட்வான்டேஜ். கிரேட் வெப்பன் மாஸ்டரின் மதிப்பு ஒரேயடியாக ஏறிவிடும். ஆந்தையின் மதிப்பு இறங்கிவிடும்.

ஆந்தை என்றதும் ஒரு விவரம். ஃபைண்ட் ஃபமிலியர் ஸ்பெல்லால் விசார்ட் வரவழைக்கும் ஆந்தை அட்டாக் செய்ய முடியாது, ஆனால் ஹெல்ப் செய்யலாம். எதிரிக்கு 5 அடி தூரத்துக்குள் பறந்து வந்து, ஃபிளைபை என்ற திறன் இருப்பதால் அடி வாங்காமல் விலகிவிடும். அடுத்து அந்த எதிரியை அடிக்கும் கூட்டாளியின் முதல் அட்டாக்குக்கு மட்டும் அட்வான்டேஜ். யார் எடுத்துக்கொள்வது? உங்கள் −5 அடிக்கு அது 4.55 டேமேஜ் கூட்டும். டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 18 உள்ள ரோக்கின் ரேப்பியர் அடிக்கு 4.3. ஏறக்குறைய சமம். ஆனால் எதிரியின் பக்கத்தில் கூட்டாளி யாரும் இல்லாமல், ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக்கே (அட்வான்டேஜ் இருந்தாலோ எதிரியின் பக்கத்தில் கூட்டாளி இருந்தாலோ கிடைக்கும் கூடுதல் டேமேஜ்) கிடைக்காத நிலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ரோக்குக்குக் கொடுங்கள். ஆந்தை தனக்கென்று இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசைக்கான பகடை) உருட்டும் என்பதும், 1 ஹிட் பாயின்ட் மட்டுமே உள்ள அதை எதிரி ஒரே அம்பில் முடிக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். எந்தச் சண்டையும் அதை நம்பித் திட்டமிடத் தகுந்ததல்ல.

விசார்டின் ஹோல்ட் பெர்சன் ஒரு விநோதமான இடம். அந்த ஸ்பெல் மனித உருவினரை மட்டுமே பிடிக்கும்; பிடித்துவிட்டால் அட்வான்டேஜும் உண்டு, 5 அடிக்குள்ளிருந்து படும் அடியெல்லாம் கிரிட். கிரேட் வெப்பன் மாஸ்டருக்கு இதுதான் திருவிழா என்று பலர் நினைக்கிறார்கள். கிரிட் பகடையைத்தான் இரட்டிப்பாக்கும், ஃபீட் கொடுக்கும் 10-ஐ அல்ல. ஏசி 15-க்கு எதிராக −5 போட்டு அடித்தால் ஒரு அடிக்கு சுமார் 15.6, ஸ்ட்ரெங்த் 18 ஆளுக்கு 15.8. ஒரே ஒரு அடி பட்டாலும் கிரிட் என்பதால் போனஸ் அடி கையில் வரும், அதுதான் ஃபீட்டின் லாபம். உண்மையான திருவிழா ரோக்குக்கு. 5-ஆம் லெவல் ரோக் 5 அடிக்குள் வந்து ஸ்னீக் அட்டாக் செய்தால், பகடையெல்லாம் இரட்டித்து, தவறும் வாய்ப்பையும் கழித்தபிறகு ஒரே அடிக்குச் சராசரி கிட்டத்தட்ட 30. எதிரி தன் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மறுபடி சேவ் (ஸ்பெல்லிலிருந்து தப்பும் பகடை) உருட்டுவார். ஆகவே விசார்டுக்கு அடுத்து, எதிரியின் டர்னுக்கு முன்பாக ரோக் வர வேண்டும். தூரத்திலிருந்து வில் எய்தால் அட்வான்டேஜ் உண்டு, தானாக வரும் கிரிட் இல்லை. அந்த ஒரு ரவுண்டுக்கு ரோக் கிட்டே வரத் துணிய வேண்டும்.

இனி கிளெரிக். உங்கள் ஃபீட் முழுக்க இவருடைய கான்சன்ட்ரேஷனை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லை மட்டும் தாங்கிப் பிடிக்கும் கவனத்தை, சார்ந்தது. பிளெஸ் மூன்று பேருக்கு, 30 அடி தூரம், ஒரு நிமிடம். முதல் ரவுண்டில் நீங்கள் கிளெரிக்குக்கு முன்பே பாய்ந்து 40 அடி தள்ளிப் போய்விட்டால் உங்களுக்கு பிளெஸ் கிடையாது. மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. ஒரு ஆக்ஷனை பிளெஸுக்குச் செலவழிப்பது வீண் என்று கிளெரிக் நினைத்தால் இந்த எண்ணைக் காட்டுங்கள்: −5 போட்டு இரண்டு முறை அடிக்கும் உங்களுக்கு ரவுண்டுக்கு 5 டேமேஜ், ரோக்குக்கு இரண்டு சொச்சம், ஆக 7-க்கு மேல். 5-ஆம் லெவலில் அவருடைய தாக்குதல் ஸ்பெல்லான சேக்ரெட் ஃபிளேம் பட்டால்தான் சராசரி 9. எதிரி சேவ் செய்துவிட்டால் பூஜ்யம். ஸ்ட்ரெங்த் 18 எடுத்த ஃபைட்டருக்கு அதே பிளெஸ் 2.75 மட்டுமே கூட்டும். நீங்கள் எடுக்கும் ஃபீட் அவருடைய ஸ்பெல்லின் மதிப்பையும் உயர்த்துகிறது என்பது பலர் கவனிக்காத விஷயம்.

அடி வாங்கினால் கான்சன்ட்ரேஷன் கலையாதிருக்க அவர் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ் உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது பெரிதோ அது. கான்ஸ்டிடியூஷன் 14 உள்ள கிளெரிக்குக்கு இலக்கு 10-ஐத் தாண்ட 65 சதவீத வாய்ப்பு. வார் காஸ்டர் என்ற ஃபீட் எடுத்தால் அட்வான்டேஜ் சேர்ந்து கிட்டத்தட்ட 88. ரெசிலியன்ட் (சேவில் புரொஃபிஷியன்சியைக் கூட்டும் ஃபீட்) எடுத்தால் 4-ஆம் லெவலில் 75. கான்ஸ்டிடியூஷன் 15 ஆக இருந்து 16 ஆனால் 80. 9-ஆம் லெவலில் அந்த 80 என்பது 90 ஆகிவிடும். அதாவது இப்போதைக்கு வார் காஸ்டர், நீண்ட ஓட்டத்தில் ரெசிலியன்ட். ஒற்றைப்படை கான்ஸ்டிடியூஷன் இருந்தால் தராசு சீக்கிரமே சாயும். வார் காஸ்டருக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒரு கையில் ஆயுதம், மறு கையில் புனிதச் சின்னம் பொறித்த கேடயம் என்று நிற்கும் கிளெரிக் பிளெஸ் போடலாம், ஏனென்றால் அதற்குப் பொருள் தேவை, சின்னம் பிடித்த கையே சைகைக்கும் போதும். ஆனால் கியூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் ஸ்பெல்லுக்குப் பொருள் தேவையில்லை, சைகை மட்டும் வேண்டும். விதிப்படி அதற்குக் காலியான கை வேண்டும். வார் காஸ்டர் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஹீலிங் வேர்டுக்குப் பேச்சு மட்டும் போதும் என்பதால் அதற்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஃபீட் எதுவும் எடுக்காமலே செய்யக்கூடியது: பிளெஸின் மூன்று பேரில் கிளெரிக் தன்னையும் சேர்த்துக்கொள்வது. அந்த 4 முகப் பகடை சேவுக்கும் கூடும், கான்சன்ட்ரேஷன் சேவுக்கும்தான்.

ஆனால் 5-ஆம் லெவலில் ஒரு திருப்பம் காத்திருக்கிறது. கிளெரிக்குக்கு ஸ்பிரிட் கார்டியன்ஸ் என்ற ஸ்பெல் கிடைக்கும், அதுவும் கான்சன்ட்ரேஷன். அவரைச் சுற்றி 15 அடி தூரத்துக்குள் எதிரிகளின் வேகம் பாதி, டேமேஜ் மூன்று 8 முகப் பகடை, சேவ் செய்தால் அதில் பாதி. மூன்று எதிரிகள் உள்ளே நின்றால் பிளெஸைவிட இது பல மடங்கு மேல். நீங்கள் நம்பி ஃபீட் எடுத்த பிளெஸ் அன்றைக்கு நின்றுபோகும். நல்லவேளையாக இரண்டும் மோதாமல் பிரித்துக்கொள்ளலாம். சிறு எதிரிகள் கூட்டமாக வந்தால் நீங்கள் −5 போடவே போவதில்லை, ஆகவே அவர் ஸ்பிரிட் கார்டியன்ஸ் போடட்டும். நீங்கள் ஒரு அடியை விட்டுக்கொடுத்து எதிரியை 5 அடி தள்ளி அந்த வட்டத்துக்குள் புகுத்தலாம், 2014 விதிப்படி ஒரு டர்னில் முதன்முறை உள்ளே நுழைந்தாலே டேமேஜ். பெரிய எதிரி ஒன்றே என்றால் பிளெஸ், −5. இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளும் குழுவுக்கும், சண்டை நடுவில் "பிளெஸ் போடலையா?" என்று கேட்கும் குழுவுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இப்போது "டாக்டிக்ஸ்தான் முக்கியம்" என்ற வாதம். அது பாதி உண்மை. எந்த ஃபீட்டும் இல்லாமல் கிடைக்கும் மிகப்பெரிய லாபம், ஒரே எதிரியை எல்லாரும் சேர்ந்து அடிப்பது. இரண்டு ஆஃகர், குழு மொத்தமாக ரவுண்டுக்கு 30 டேமேஜ் தருகிறது, நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள் என்று வைப்போம். டேமேஜைச் சமமாகப் பிரித்தால் இரண்டும் நான்காம் ரவுண்டில்தான் விழும், அதற்குள் மொத்தம் ஆறு முறை உங்களை அடித்திருக்கும். ஒன்றையே குறிவைத்தால் அது இரண்டாம் ரவுண்டில் விழும், மொத்தம் நான்கு அடிதான். ஆஃகர் அடி பட்டால் சராசரி 13. ஏசி 18-க்கு எதிராக 45 சதவீதம் படும். மிச்சமான இரண்டு அடியின் மதிப்பு சுமார் 12 ஹிட் பாயின்ட். 4-ஆம் லெவலில் டஃப் என்ற ஃபீட் எடுத்தால் 8 ஹிட் பாயின்ட் கிடைக்கும். பாதி செத்த எதிரியும் முழு பலத்தோடுதான் அடிக்கும் என்பதை மறக்காத குழு, ஒரு ஃபீட்டுக்குச் சமமானதைச் சும்மாவே வாங்கிக்கொள்கிறது.

டாக்டிக்ஸ் காலை வாரும் இடங்களும் உண்டு. எதிரியைக் கீழே தள்ளினால் 5 அடிக்குள் இருப்பவர்களுக்கு அட்வான்டேஜ், தூரத்திலிருந்து எய்பவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ். ரோக் வில்லோடு பின்னால் நின்றால் உங்கள் உதவியே அவருடைய ஸ்னீக் அட்டாக்கைப் பறிக்கும். தள்ளியதும் அடுத்த டர்ன் எதிரியுடையது என்றால் அவர் பாதி வேகத்தைச் செலவழித்து எழுந்துவிடுவார். உங்கள் ஒரு அடி போனதுதான் மிச்சம். தள்ளுவதோடு பிடித்தும் வைத்தால் வேகம் 0, எழ முடியாது. ஆனால் பிடிக்க ஒரு கை வேண்டும், இரண்டு கை வாளைச் சுழற்ற முடியாது. உங்களுக்கு இது சரிவராது. "ரோக் வரும் வரை காத்திருந்து அடிக்கிறேன்" என்று ரெடி ஆக்ஷன் எடுப்பது இன்னொரு பொறி: எக்ஸ்ட்ரா அட்டாக் (5-ஆம் லெவலில் வரும் இரண்டாவது அடி) உங்கள் சொந்த டர்னில் மட்டுமே வேலை செய்யும், ஆகவே இரண்டு அடி ஒன்றாகிவிடும், ரியாக்ஷனும் (அடுத்தவர் டர்னில் செய்யும் பதில் செயல்) போய்விடும். ரோக்குக்கும் எதிரிக்கும் நடுவே நீங்கள் நின்றால் எதிரிக்குப் பாதி மறைவு, ஏசி 2 கூடும். நேர்க்கோட்டிலிருந்து ஓரடி விலகி நிற்பது இலவசம்.

ரியாக்ஷன் என்பது ரவுண்டுக்கு ஒன்றே ஒன்று. டர்ன் வரிசையைக் கவனிக்கும் குழுக்கள்கூட இதைக் கணக்கில் வைப்பதில்லை. ஸ்னீக் அட்டாக் டர்னுக்கு ஒருமுறை என்றுதான் விதி சொல்கிறது, ரவுண்டுக்கு ஒருமுறை என்றல்ல. அடுத்தவர் டர்னில் ரியாக்ஷனால் அடித்தால் ரோக் இன்னொரு முறை செய்யலாம். நீங்கள் பேட்டில் மாஸ்டர் (ஃபைட்டரின் ஒரு கிளை) என்றால் கமாண்டர்ஸ் ஸ்டிரைக் மூலம் உங்கள் ஒரு அடியையும் போனஸ் ஆக்ஷனையும் விட்டுக்கொடுத்து ரோக்கை அடிக்க வைக்கலாம். ஸ்னீக் அட்டாக்குக்கான நிபந்தனை இருந்தால், நீங்கள் விடுவது 7 டேமேஜ், அவர் தருவது 8 முகப் பகடையோடு சேர்த்து 15. ஆனால் 5-ஆம் லெவலில் ரோக்குக்கு அன்கேனி டாட்ஜ் (தன்மேல் படும் அடியின் டேமேஜைப் பாதியாக்குவது) வருகிறது, அதுவும் ரியாக்ஷன்தான். அவரை யாரும் அடிக்காத ரவுண்டில் மட்டும் கேளுங்கள்.

இனிச் சந்தேகத்துக்குரிய பகுதி. சென்டினல், போலார்ம் மாஸ்டர் என்ற ஃபீட் ஜோடியைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 10 அடி தூரம் எட்டும் கிளேவ் (நீண்ட கோல் ஆயுதம்) பிடித்து, எதிரி எல்லைக்குள் நுழையும்போதே ரியாக்ஷனில் அடித்து, பட்டால் வேகம் 0, அங்கேயே நின்றுவிடுவார். தாளில் அற்புதம். அடி பட வேண்டும். ரவுண்டுக்கு ஒருவரைத்தான் நிறுத்தலாம். வில்லாளிக்கும் டெலிபோர்ட் ஆகிறவருக்கும் இது பொருட்டே இல்லை. எதிரியை நீங்களோ கூட்டாளியோ இழுத்து எல்லைக்குள் கொண்டுவந்தால் இந்த ரியாக்ஷன் அடி (ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்) கிடையாது. இரண்டு ஃபீட் செலவாகும், ஃபைட்டருக்கே 6-ஆம் லெவலில்தான் முழுமையாகும். இதன் மதிப்பைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. உங்கள் டிஎம் மான்ஸ்டர்களை முன்வரிசையில் மோதவிடுபவரா, பின்னால் நிற்கும் விசார்டை நோக்கி ஓடவிடுபவரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின்னவர் என்றால் இதைவிட நல்ல ஜோடி இல்லை. லக்கி, அலர்ட் போன்ற ஃபீட்டுகளும் இதே வகை: நாளுக்கு எத்தனை சண்டை, எத்தனை பதுங்கித் தாக்குதல் என்பது ஒவ்வொரு கதைக்கும் மாறும். நான் மேலே கொடுத்த எண்களும், எதிரி சமதளத்தில் நின்று அடி வாங்குவதாகக் கற்பனை செய்துகொண்டவை. மந்திர வாள் +1 கிடைத்தால் ஃபீட் பக்கம் நகரும். உயர் ஏசி எதிரிகள் அதிகமானால் ஸ்ட்ரெங்த் பக்கம்.

குழுவில் யாராவது 2024 பதிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தால் இந்தக் கணக்கை அப்படியே அதில் பொருத்தாதீர்கள். அதில் −5, +10 என்பதே கிடையாது. கிரேட் வெப்பன் மாஸ்டர் புரொஃபிஷியன்சி அளவு டேமேஜ் கூட்டுகிறது, ஸ்ட்ரெங்த்தும் ஒன்று ஏறுகிறது, தயங்கவே தேவையில்லை. அங்கே கூட்டு வேலை ஆயுத மாஸ்டரிக்கு (ஆயுதத்துக்கே உரிய சிறப்பு விளைவுக்கு) நகர்ந்துவிட்டது: மால் என்ற பெரிய சுத்தியல் எதிரியைக் கீழே தள்ளும், ரேப்பியர் தன் அடுத்த அடிக்குத் தானே அட்வான்டேஜ் தரும். அலர்ட் எடுத்தவர் இனிஷியேட்டிவ் உருட்டியதும் சம்மதிக்கும் கூட்டாளியோடு டர்ன் வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளலாம். "கிளெரிக் பிந்திவிட்டார்" என்ற பிரச்சினை அங்கே ஒரு ஃபீட்டில் தீர்ந்தது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் முதல் பதிப்பு வேறு வழியில் போனது. 2010-இல் வந்த டீம்வொர்க் ஃபீட்டுகள் பெரும்பாலும் இருவரும் எடுத்திருந்தால்தான் வேலை செய்யும். அவுட்ஃபிளாங்க் வைத்திருக்கும் இருவர் ஃபிளாங்க் செய்தால் +2-க்குப் பதில் +4. ஒருவர் இல்லாத நாளில் மற்றவருக்கு அது வெற்றுத் தாள். கிரேட் வெப்பன் மாஸ்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான், விதிப்புத்தகம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, அவ்வளவே.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், ஃபைட்டருக்கு 6-ஆம் லெவலில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஆக இது இரண்டில் ஒன்று என்ற கேள்வி அல்ல, எது முதலில் என்ற கேள்வி. கிளெரிக் பெரிய எதிரிகளுக்கு பிளெஸ் போடச் சம்மதித்து, தானும் வார் காஸ்டரோ ரெசிலியன்டோ எடுக்கத் தயாராக இருந்தால், அல்லது டிஎம் ஃபிளாங்கிங்கை ஏற்றால், கிரேட் வெப்பன் மாஸ்டர் முதலில், ஸ்ட்ரெங்த் 6-இல். கிளெரிக்குக்கு விஸ்டத்தை (அவருடைய ஸ்பெல் வலிமையைத் தரும் எண்) ஏற்றுவதுதான் முக்கியம், கான்சன்ட்ரேஷனை வேறு ஸ்பெல்லுக்கு வைத்திருக்கிறார் என்றால் அதுவும் நியாயமான ஆட்டமே. அப்போது ஸ்ட்ரெங்த் முதலில், ஃபீட் 6-இல். இரண்டு வழியிலும் 6-ஆம் லெவலில் ஒரே இடத்துக்கு வந்துசேர்வீர்கள்: அட்டாக் +7, −5 போட்டால் ஏசி 15-க்கு எதிராக ஒரு அடிக்கு 8.4, பிளெஸோடு சுமார் 11. லெவல் ஏற்றும் முன் கிளெரிக்கிடமும் டிஎம்மிடமும் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுங்கள்.